மெஹ்ருவுக்கு வந்த ஏக்கம்

தாதர் ஸ்டூடியோவில், ஒலிபெருக்கியில் போட்ட பிரிவுப் பாட்டுக்கு மூன்று நாளாக அழுதுகொண்டே வாயசைத்த கதாநாயகி மெஹ்ருவுக்கு, கேமராக்காரர் பிரபோத் மேல் காதல் வந்துவிட்டதாம். அவர் மூக்கைப் பார்த்தவர்கள் யாரும் நம்பவில்லை. அவரோ சாயங்காலத்துக்குள் பதில் சொல், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம் என்றுவிட்டார். இந்த ஏக்கம் தன்னுடையதா, பாட்டினுடையதா என்று மெஹ்ருவுக்கே குழப்பம். பாட்டைப் பாடிய குசும் அக்காவைப் போய்ப் பிடித்தாள்.

"அக்கா, யாரை நெனச்சு அப்படி உருகிப் பாடினீங்க?"

"யாரையும் இல்லடி. ஏழு தடவை பாட வெச்சாங்க, வீட்டுக்குப் போற கடைசி விரார் ரயில் போயிடுமேன்னு தவிச்சேன்."

"அப்போ நான் மூணு நாளா அழுதது ரயிலுக்கா?"

"அதை என்கிட்ட கேட்டா?"

மெஹ்ரு நேரே பிரபோத்திடம் போனாள்.

"பாட்டில்லாம வெறும் வசனம் எடுக்கிற அன்னிக்குக் கேளுங்க, சொல்றேன்."