இடது கைக்கு அரை நொடி

எல்லாரும் என்னைப் பஞ்சைத் தட்டுவதுபோலத்தான் தட்டுகிறார்கள். மூன்று மாதமாக இதே கதை. புருஷன் செத்தால் பெண்டாட்டியின் கை எலும்புமா சேர்ந்து கரைந்துபோகும்?

டயர் கடைக்கு மேலே ஒரு நீளமான அறை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே ஒகினாவா கராத்தே வகுப்பு. எட்டு வயது வாண்டு முதல் எழுபத்தொரு வயது ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் வரை ஒரே வரிசையில் நிற்போம். டீச்சருக்கு என் மகள் வயது. மற்ற நாட்களில் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் டாக்டர் என் வீட்டுக்காரரை நடக்கச் சொன்னார். இவர், "சும்மா நடக்கறதுக்கு நாலு உதை உதைக்கலாம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு இங்கே வந்து சேர்ந்தார்.

முதல் நாள் டீச்சர் கதை சொன்னாள். ஒகினாவா ஜப்பானில் ஒரு சின்னத் தீவு. அங்கே இந்த வித்தைக்குப் பழைய பெயர் வெறும் 'கை'தானாம். சீனாவுக்குப் போய்வந்தவர்கள் கொண்டுவந்ததும் அதில் கலந்ததாம். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக் கொல்லையில் பழகினார்களாம். "கையா? எங்க வீட்ல அது இவ டிபார்ட்மெண்ட் ஆச்சே" என்றார் இவர். எல்லாரும் சிரித்தார்கள். நான் முறைத்தேன்.

இப்போது நினைத்தால் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவரை எடுத்துக்கொண்டு போன அன்றைக்கே ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை நான். "கல்நெஞ்சக்காரி" என்றாள் நாத்தனார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் புதன்கிழமை தையல் மெஷின் ஊசி விரலில் இறங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை. யாருடையதோ வெள்ளைச் சட்டையில் சிவப்பைப் பார்த்த பிறகுதான் பெடலிலிருந்து காலை எடுத்தேன். அன்றைக்குத்தான் பயம் வந்தது. இன்றும் ஒன்றும் உறைக்கவில்லை என்றால், பையில் இருக்கும் அவருடைய கராத்தே பெல்ட்டை டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவது, இந்தப் படியை மறுபடி ஏறுவதில்லை என்று முடிவு செய்துகொண்டு வந்திருந்தேன்.

கையை உரமாக்க ஒரு பயிற்சி உண்டு. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எலும்போடு எலும்பு மோதவேண்டும். ஒன்றுக்கு வலது கை மேலே, இரண்டுக்கு வலது கை கீழே, மூன்றுக்கு இடது கை. ஐந்து வருடமும் என் ஜோடி என் வீட்டுக்காரர்தான்.

இன்றைக்கு, வகுப்பில் கூடப் பழகும் பிளம்பர் வந்து எதிரே நின்றார். முகத்துக்கு நேரே பேசுகிற மனிதர், இவராவது ஒழுங்காக அடிப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் இரண்டும் சுமார். மூன்றுக்குக் கையைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

"ஏங்க, நான் என்ன கண்ணாடி டம்ளரா? நீங்க பாவப்பட்டது போதும், அடிங்க!"

நான் போட்ட சத்தத்தில் வாண்டுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன.

"பாவமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் பிளம்பர், அவருக்கும் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மூணுக்கு உங்க கையே அங்க இல்லக்கா. நான் வீசுனா நேரா உங்க தோள்லதான் விழும். அதான் பிரேக் போடறேன். எல்லாருமே அதான் பண்றோம்."

"சும்மா கதை விடாதீங்க."

டீச்சர் பக்கத்தில் வந்தாள். "நிஜம்தாம்மா. இடது கைக்கு மட்டும் நிக்கிறீங்க. அரை நொடி. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம விட்டுட்டேன்."

நான் என் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன்.

அவருடைய இடது தோள். கடைகளுக்கு போர்டு எழுதுகிற வேலை அவருக்கு. ஒரு நாள் ஏணியிலிருந்து விழுந்து ஒடிந்து, அப்புறம் கூடிய தோள் அது. மூன்று என்றதும் அந்தக் கை கிளம்பி வர நேரமாகும். "வரேன் இரு, வரேன் இரு" என்று முனகிக்கொண்டேதான் கொண்டுவருவார். நான் முந்தினால் அவருக்கு வலிக்கும். அதனால் நின்றேன். நின்று நின்று அதுவே பழகிவிட்டது. ஆள் போய் மூன்று மாதம் ஆகியும் இந்தக் கை இன்னும் அவருக்காக நின்றுகொண்டிருக்கிறது, கூறுகெட்ட கை.

"எண்ணு டீச்சர்" என்றேன். பிளம்பரிடம், "நீங்க பிரேக் போடாதீங்க" என்றேன்.

"ஒண்ணு." மோதியது. "ரெண்டு." மோதியது.

அதற்கப்புறம் அந்த முனகல் என் காதில் கேட்டது. நிற்கவேண்டும்போல் இருந்தது. நின்றால் அவர் எப்படியும் வந்துவிடுவார்போல் இருந்தது.

"மூணு."

நான் நிற்கவில்லை.

எலும்பு எலும்பில் இடித்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. வலி விறுவிறுவென்று தோள்வரை ஏறியது. அம்மாடி, என்ன வலி! கண்ணிலிருந்து கொட்டியது, மூக்கு ஒழுகியது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"ஐயோ, வலிக்குதாக்கா?" பிளம்பர் பதறிப்போய்க் கையை இறக்கப் போனார்.

"வலிக்குது. ரொம்ப வலிக்குது" என்றேன். "கையை இறக்காதீங்க. இன்னொரு தடவை எண்ணு டீச்சர்."