பதினேழு டப்பாவும் ஒரு காசும்

பஸ் ஒர்க்‌ஷாப்பில் ஸ்டோர் கீப்பராக இருந்தவருக்கு பழைய நாணயம் சேர்ப்பவர்கள் சங்கத்தில் உண்டியல் என்று பெயர். சூட்டியவர் அதே சங்கத்துப் பல் டாக்டர். டாக்டரிடம் இருந்தவை மொத்தமே ஒன்பது காசுகள்தான். ஒன்பதும் புழக்கத்துக்கே போகாமல், அச்சிலிருந்து விழுந்த கோலத்தில் அப்படியே இருப்பவை. ஸ்டோர் கீப்பரிடமோ பதினேழு பிஸ்கட் டப்பா நிறையக் காசு. தேய்ந்தது, நெளிந்தது, யாரோ ஓட்டை போட்டுச் சாவிக்கொத்தில் மாட்டியிருந்தது என்று எதையும் அவர் வேண்டாம் என்று சொன்னதில்லை.

"எத்தன வெச்சிருக்கோம்கிறதுல என்ன இருக்கு? ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் நாலு பேர் வாயப் பொளந்து பாக்கணும்" என்பார் டாக்டர். வாயைப் பிளக்க வைப்பதுதானே அவர் தொழில்.

சைக்கிள் கடை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு சங்கம் கூடும். கூட்டம் கலைகிற நேரத்தில், அவரவர் வரிசையில் எந்த வருஷத்துக் காசு இல்லையோ அதைத் துண்டுச்சீட்டில் எழுதுவார்கள். யாரும் சொல்லாமலே எல்லாச் சீட்டும் ஸ்டோர் கீப்பர் கைக்கு வந்து சேரும். அடுத்த மாதம் அவரவர் கேட்ட காசை அவரவர் சீட்டிலேயே மடித்துக் கொண்டுவந்து நீட்டுவார். பதிலுக்கு அவர்களிடம் இரண்டாக இருப்பதில் ஒன்றை வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார்.

இதில்தான் அவருக்கு வயிற்றெரிச்சல். ஒர்க்‌ஷாப்பில் வாரம் முழுக்க மெக்கானிக்குகள் சீட்டு நீட்டுகிறார்கள், போல்ட்டும் வாஷரும் எடுத்துக் கொடுத்துக் கொடுத்து இடுப்பு ஒடிகிறது. ஞாயிற்றுக்கிழமையும் அதே பிழைப்பா? டாக்டரிடம் யாராவது சீட்டு நீட்டுகிறார்களா? தன்னை எடுபிடியாக நினைக்கிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். அந்த மேஜையில் ஒரு நாளாவது நாலு பேர் மதிக்கிற மனிதராக உட்கார வேண்டும். அதைவிடப் பெரிய ஆசை அப்போது அவருக்கு இருக்கவில்லை.

கடைவீதியில் பழைய காசு விற்பவரின் கண்ணாடி ஜன்னலில் கப்பல் படம் போட்ட வெள்ளிக்காசு ஒன்று இருந்தது. சொற்பமாக அச்சடித்த வருஷம். ஒரு கீறல் கிடையாது. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி, நம்பர் போட்டு முத்திரையிட்டிருந்தார்கள். அவர் சம்பளத்தில் அதை வாங்குவது நடக்கிற காரியமில்லை. கடைக்காரரே ஒரு வழி சொன்னார்: "உங்க டப்பா அத்தனையும் குடுத்துட்டு இத எடுத்துட்டுப் போங்க."

ஒரு வாரம் யோசித்தார். மனைவியிடமும் கேட்டார்.

"கட்டிலுக்கு அடியில பெருக்கி எத்தன வருஷமாச்சு. எனக்கு நல்லதுதான்" என்றாள் அவள். பிறகு, "ஆனா ஒத்தக் காச வெச்சிக்கிட்டு நீங்க என்னங்க பண்ணுவீங்க?" என்றாள்.

"பாப்பேன்."

"சரி, பாருங்க."

சனிக்கிழமை கடைக்காரர் வந்தார். கையில் பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பது போன்ற கொக்கித் தராசு.

"எண்ண மாட்டீங்களா?" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"எண்ணி என்னிக்கு சார் முடிக்கிறது? எடை போட்டாப் போதும்."

டப்பா டப்பாவாகத் தொங்கவிட்டு எடை பார்த்ததில் நாற்பத்தாறு கிலோ வந்தது. இருபத்திரண்டு வருஷம் ஒவ்வொன்றாகத் தேய்த்துப் பார்த்து வருஷம் படித்த காசுகள். கொக்கியில் அவை ஆடுவதைப் பார்க்கப் பிடிக்காமல் அவர் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தபோது மேஜையில் தீப்பெட்டி அகலத்தில் அந்தப் பெட்டி மட்டும் இருந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது, குறை சொல்ல முடியாது. பதினேழு டப்பாவையும் கொடுத்து வாங்கிய கதையை அவர் சொல்லச் சொல்ல, காசு மேஜையைச் சுற்றி மூன்று முறை போய்வந்தது. டாக்டர் லென்ஸை எடுத்து, தானே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "பிரமாதம் சார்" என்றார். உண்டியல் போய் சார் ஆகிவிட்டது. ஸ்டோர் கீப்பருக்குத் தலைகால் புரியவில்லை.

கூட்டம் முடிகிற நேரம். சங்கத்து மருந்துக்கடைக்காரர் பழக்க தோஷத்தில் சீட்டை அவர் பக்கம் நீட்டினார். பாதி வழியில் கை நின்றது.

"ஓ, உங்ககிட்டதான் இப்ப ஒண்ணும் இல்லியே சார்" என்று சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். எல்லோரும் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு இறங்கிப் போனார்கள். முன்பெல்லாம் சைக்கிள் கடை வாசலில் அரைமணி நேரமாவது அவரைச் சூழ்ந்து நின்று பேசுவார்கள். அன்று பெட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு அவர் தனியாக பஸ் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

அதற்கடுத்த மாதம் அந்தப் பழைய காசுக் கடைக்காரரே சங்கத்தில் சேர்ந்துவிட்டார். சீட்டெல்லாம் அவரிடம் போயிற்று. ஆனால் கேட்ட காசு எந்த டப்பாவில் இருக்கிறது என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூன்று வாரம் தேடிப் பார்த்துவிட்டு அவர் ஸ்டோர் கீப்பருக்கு போன் செய்தார்.

"சார், வருஷ வரிசையும் இல்ல, ஊர் வரிசையும் இல்ல. என்னதான் கணக்குல அடுக்கி வெச்சீங்க? ஒரு எட்டு வந்து சொல்லிட்டுப் போங்களேன்."

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. ஸ்டோரில் எப்படியோ வீட்டிலும் அப்படி. அடிக்கடி கேட்பார்கள் என்பது முதல் டப்பாவில், எப்போதாவது கேட்பது அடுத்ததில், யாருமே கேட்காதது பதினேழாவதில். அதைத் தெரிந்துகொள்ள யார் யாருக்கு எது இல்லை என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும். அவருக்கு இருந்தது. கடையின் பின்னறையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, மூன்றாவது டப்பாவுக்குள் கையை விட்டு, மருந்துக்கடைக்காரர் இரண்டு மாதமாகத் தேடிய காசை எடுத்து வைத்தார். விரலெல்லாம் கறுத்துப்போயிற்று. வெகுநாளைக்குப் பிறகு சந்தோஷமாக இருந்தது.

போகும்போது தயங்கித் தயங்கிக் கேட்டுவிட்டார். "கப்பல் காசத் திருப்பிக் குடுத்துடறேன். இத நான் எடுத்துக்கலாமா?"

கடைக்காரர் மூஞ்சியில் அடித்தாற்போல் எதுவும் பேசவில்லை, நல்ல மனிதர். "அந்தக் காசு ரெண்டு வருஷமா ஜன்னல்ல இருந்துச்சு சார். ஒருத்தர் உள்ள வந்து கேக்கல. இந்த டப்பா வந்ததுலேருந்து உங்க சங்கத்து ஆளுங்க வாராவாரம் கடை ஏறி வர்றாங்க. எப்படி சார் விடுவேன்? நீங்க வேணும்னா சனிக்கிழம சனிக்கிழம வாங்க. யாரு வேணாம்னா?"

போனார். ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. கூட்டத்தில் கடைக்காரர் சீட்டில் மடித்த காசுகளை விநியோகிப்பார். "எப்படிங்க இவ்ளோ சீக்கிரம் தேடிப் பிடிக்கிறீங்க?" என்று டாக்டர் அவரை மெச்சுவார். கடைக்காரர் சிரித்துவைப்பார். ஸ்டோர் கீப்பர் எதிரில் உட்கார்ந்து, மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பிரிக்கும்போது அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். கோபம் வரவில்லையே என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை மதியம் கறுத்த கையோடு வீடு திரும்பியவருக்கு மனைவி சோப்பை எடுத்துக் கொடுத்தாள்.

"இவ்ளோ வேல வாங்கறாரே, ஏதாவது குடுக்கறாரா?"

"டீ வாங்கிக் குடுத்தாரு."

"அவ்ளோதானா? வாயத் தொறந்து கேட்டா என்னங்க?"

"அதுக்கு எப்படிக் கூலி கேக்கறது? நம்ம காசுதான" என்றார் அவர், கையைத் தேய்த்தபடி.

அவள் கொடியிலிருந்து துண்டை எடுத்து வந்தாள்.

"நம்ம காசு பீரோவுல இருக்குங்க" என்றாள்.

அவர் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.