மேலிடம் கொடுத்த டீ

பணி ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவருடைய பத்திரிகைப் புத்தி மட்டும் ஓய்வு பெறவில்லை. காலையில் பேப்பர் வந்ததும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்துவிடுவார். தலைப்பு சப்பென்று இருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுவார். ஒரே செய்தி இரண்டு பக்கத்தில் வந்திருந்தால் சுற்றி வட்டம் போட்டு, "தூங்குறானுங்க" என்பார். அந்தப் பேப்பரை இரவல் வாங்கிப் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் கும்பிடு போட்டுவிட்டார். பேப்பர் படிக்கிறோமா, யாரோ தோற்ற பரீட்சைத் தாளைப் பார்க்கிறோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம்.

முன்பெல்லாம் அந்த வீட்டில் தொலைபேசி ஓயாது. இப்போது அடித்தால் அது காப்பீடு எடுக்கச் சொல்லும் பெண்ணாகத்தான் இருக்கும். அவளிடமும் கால் மணி நேரம் பேசி, படிப்பு, வேலை நேரம், மேலாளர் எப்படிப்பட்டவர் என்று எல்லாவற்றையும் துருவி எடுத்துவிட்டுத்தான் வைப்பார். ஒருத்தியும் இரண்டாவது தடவை கூப்பிட்டதில்லை.

முப்பத்தாறு வருடம் ஒரே பத்திரிகையில் குப்பை கொட்டியவர். அதில் இருபத்திரண்டு வருடம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல், கடைசிப் பக்கத்தில் ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதினார். அதனால் அலுவலகத்தில் அவருக்குப் பத்திக்காரர் என்றே பெயர். பத்தியின் நாயகி அவருடைய மனைவி. அதில் அவளுக்கு 'மேலிடம்' என்று பெயர் வைத்திருந்தார். மேலிடம் குடையைத் தொலைக்கும், மேலிடம் தப்பான பஸ்ஸில் ஏறும், மேலிடம் இரண்டு கடிதத்தை உறை மாற்றிப் போட்டு இரண்டு குடும்பத்தைப் பகைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு அப்பாவிக் கணவன் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு நிற்பான். வாசகர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அவருக்கு ஒரே ஒரு குறை. எழுதியது எல்லாம் மறுநாளே பொட்டலம் மடிக்கப் போய்விட்டது. தன் பெயர் போட்ட ஒரு புத்தகம், ஒன்றே ஒன்று, அலமாரியில் நிற்க வேண்டும் என்ற ஆசை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. போன மாதம் அதற்கும் வழி பிறந்தது. உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் எல்லாருடைய கட்டுரையையும் வெட்டித் தள்ளியதால் 'கத்தரி' என்று பெயர் வாங்கிய பழைய சகா, இப்போது சின்னதாக ஒரு பதிப்பகம் வைத்திருந்தார். அவர் போனில் சொன்ன செய்தியில் பத்திக்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

"அண்ணே, பொறுக்கி எடுத்து ஐம்பது பத்தி போடுறோம். தலைப்பு 'மேலிடம் கொடுத்த டீ'. அட்டைக்கு ஒரு கப் வரைஞ்சாச்சு. முன்னுரை அண்ணி எழுதணும். மேலிடமே வாய் திறந்தா எப்படி இருக்கும்! வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

அந்த டீக் கதை தெரியாதவர்கள் கிடையாது. ஒரு நாள் காலையில் மேலிடம் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டு டீ கொடுக்கிறது. கணவன் முகம் சுளிக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்லா இருந்தது" என்று கப்பை வைக்கிறான். அவ்வளவுதான் கதை. அதற்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் வந்தது. அதோடு மனைவியின் பெயரும் மாறிப்போனது. அவருடைய தம்பி பிள்ளைகள் இன்றைக்கும் 'உப்புப் பெரியம்மா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து அவள் ஓய்வு பெற்ற நாளில், கூட வேலை பார்த்தவர்கள் வண்ணக் காகிதம் சுற்றி ஒரு பாக்கெட் உப்பைப் பரிசாகக் கொடுத்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே வாங்கி வந்தாள்.

முன்னுரை எழுதச் சம்மதித்த மனைவி, முதலில் ஐம்பது பத்தியையும் படிக்க வேண்டும் என்றாள். ஒரு வாரம் மூக்குக்கண்ணாடியும் பென்சிலுமாக உட்கார்ந்தாள். பரிசோதனைக் கூடத்தில் முடிவு எழுதிப் பழகிய கை. ஒவ்வொரு பத்திக்கும் ஓரத்தில் ஒரு வரி எழுதினாள். 'நடந்தது.' 'நடக்கவில்லை.' 'நடந்தது, ஆனால் இது உங்கள் அக்கா.' 'குடை என்னுடையது, தொலைத்தது நீங்கள்.' பத்திக்காரர் அதையெல்லாம் படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டீக் கதைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது. 'ஆள் மாறியிருக்கிறது' என்று எழுதியிருந்தாள்.

"இது என்ன?"

"போட்டது நீங்க. குடிச்சது நான்."

"சும்மா இரு. எனக்கு இப்ப நினைச்சாலும் நாக்குல கரிக்குது."

"நிஜமாவே அப்படித்தான் ஞாபகமா?"

"பின்னே? அச்சுல வந்திருக்கே!"

அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். முன்னுரைக்காக வைத்திருந்த வெள்ளைத் தாள்களை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் வீட்டில் பேச்சு தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. கத்தரி மட்டும் காலையும் மாலையும் கூப்பிட்டு, "அண்ணி எழுதியாச்சா?" என்று பிராணனை வாங்கினார்.

வியாழக்கிழமை பத்திக்காரருக்குப் பொறுக்கவில்லை. ஆதாரம் இல்லாமல் ஒரு வரி எழுதியவன் என்று தன்னை யாரும் சொன்னதில்லை, இந்த வீட்டிலா சொல்வது என்று ரோஷம் வந்துவிட்டது. அவரிடம் பழைய நிருபர் பழக்கம் ஒன்று உண்டு. நடந்ததை நடந்தபடி முதலில் சின்ன நோட்டில் கிறுக்கிவிடுவார். கண், காது, மூக்கு வைப்பதெல்லாம் பிறகுதான். நோட்டுகள் எல்லாம் தேதி வாரியாகப் பீரோவுக்கு மேல் அட்டைப் பெட்டிகளில் கிடந்தன. மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, தும்மித் தும்மி, பெட்டியை இறக்கினார். அந்த வருடத்து நோட்டு கிடைத்தது. அந்த வாரமும் கிடைத்தது. அவருடைய கோணல் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை.

'செவ்வாய். அவள் நைட் டியூட்டி முடிந்து வந்தாள். நிற்க முடியவில்லை. நான் டீ போட்டேன். முழுக்கக் குடித்தாள். நல்லா இருந்தது என்றாள். அப்புறம் என் கப்பில் வாய் வைத்தேன், கொட்டினேன். உப்பு! பத்திக்கு ஆகும்.'

மூன்று தடவை படித்தார். எழுத்து மாறவில்லை. செவ்வாய்க்கிழமை தெரிந்த உண்மை வெள்ளிக்கிழமை பத்தி எழுதி முடிப்பதற்குள் தலைகீழாகியிருந்தது. ஏன் மாற்றினார் என்று யோசித்தால் அதற்கும் பதில் தெரிந்தது. தப்பு செய்வது மேலிடத்தின் வேலை, பொறுத்துப் போவது தன் வேலை என்று வாசகர்களுக்குச் சொல்லிப் பழக்கிவிட்டார். தப்பை அவள் தலையில் கட்டியதைக்கூட ஒரு விளையாட்டு என்று விட்டுவிடலாம். அந்தப் பொறுமையையும் அல்லவா எடுத்துத் தன் பெயரில் போட்டுக்கொண்டார்! அப்புறம் ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, குடிக்காமல் கொட்டிய உப்பு நாக்கில் கரிக்க ஆரம்பித்துவிட்டது. அவருக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வயதில் இப்படி ஒரு வெட்கம் வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

நோட்டைத் திரும்பப் பெட்டிக்குள் போட்டு, காதும் காதும் வைத்த மாதிரி மேலே ஏற்றிவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. நாளைக்குப் புத்தகம் அச்சுக்குப் போகும். ஸ்டூலில் ஒரு காலை வைத்தும்விட்டார். அப்போது வாசலில் சாவி திரும்பியது.

மனைவி உள்ளே வந்து பையை வைத்தாள். இறக்கிய பெட்டியையும் தூசி படிந்த தலையையும் பார்த்தாள். கொடியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த துணிகளை மடிக்க உட்கார்ந்தாள். பத்திக்காரர் எதிரில் உட்கார்ந்து, அந்த வரிகளை ஒன்று விடாமல் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

"ஓ, எழுதி வேற வச்சிருக்கீங்களா" என்றாள்.

"அவ்வளவு உப்பு. ஏன் முழுசாக் குடிச்சே?"

"இதை அன்னிக்கே கேட்டிருக்கலாம்." அவள் ஒரு துண்டை மடித்து ஓரமாக வைத்தாள். "கல்யாணமாகி ஏழு வருஷத்துல அன்னிக்குத்தான் எனக்காக அடுப்புப் பக்கம் போனீங்க. நல்லா இல்லைன்னு சொன்னா, மறுபடி போகமாட்டீங்களேன்னு குடிச்சேன்."

மறுபடி போனாரா என்று அவர் கேட்கவில்லை. எந்த நோட்டைப் புரட்டினாலும் அதற்கு ஆதாரம் கிடைக்காது என்று அவருக்கே தெரியும். எழுந்து சமையலறைப் பக்கம் இரண்டடி வைத்தார்.

"உக்காருங்க. இப்ப ஒரு டீயைப் போட்டுக் கொடுத்துட்டு, அதையே முன்னுரையில எழுதிடலாம்னு பாக்குறீங்க."

பொய்யில்லை. எழுந்த அந்த நொடியிலேயே முதல் வரி மனதில் ஓடியிருந்தது. அசடு வழிய உட்கார்ந்தார்.

"ஆஸ்பத்திரியில, கல்யாண வீட்டுல, எங்க போனாலும் கேலி பண்ணாங்க. ரத்தத்துல உப்பு எவ்வளவுன்னு சொல்றவளுக்கு டீயில உப்பு தெரியலையான்னு. உங்களுக்குக் கோபம் வரலையான்னுகூட ஒருத்தி கேட்டா. எனக்கு வரலை."

"ஏன்?"

"அந்தக் கதையில முகம் சுளிக்காம குடிக்கிற ஆள் நான்தானே? என்னைப் பத்தித்தான் இவ்வளவு நல்லா எழுதியிருக்கார், வெளியில சொல்லக் கூச்சப்பட்டு ஆளை மாத்திட்டார்னு நினைச்சேன். சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், நமக்குள்ள தெரியும்னு இருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "நீங்க மறந்தே போயிட்டீங்கன்னு இந்த வாரம்தானே தெரிஞ்சுது."

முப்பத்தாறு வருடத் தொழிலில் எந்தக் கேள்விக்கும் அடுத்த கேள்வி தயாராக வைத்திருந்தவர், நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது.

"அண்ணே, நாளைக்கு..."

"கத்தரி, அந்த டீக் கதையை எடுத்துடு."

"என்னண்ணே விளையாடுறீங்களா? தலைப்பே அதுதானே! அட்டை?"

"அட்டையும் வேண்டாம்."

"அப்ப புத்தகமே இல்லையே அண்ணே!"

"இல்லைதான்" என்றார். சொல்லும்போது வலித்தது. கத்தரி தாம்தூம் என்று குதிப்பது காதில் விழுந்துகொண்டே இருக்க, பேசியை அணைத்து வைத்தார்.

துணிக் குவியலில் பெரிய போர்வை ஒன்றுதான் பாக்கி. அதன் ஒரு பக்க முனைகளைப் பிடித்துக்கொண்டு மனைவி எழுந்து நின்றாள். மறு முனைகளை அவர் தேடிப் பிடித்துக்கொண்டார். இருவரும் நடந்து வந்து நடுவில் சேர்ந்து மடித்தார்கள். ஓரங்கள் சேராமல் ஒரு பக்கம் ஒரு சாண் தொங்கியது. அவர் அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லா இல்லை" என்று சொல்லி, அவள் போர்வையை உதறிப் பிரித்தாள். "மறுபடி பிடிங்க."