பதினைந்தாவது பெயர்

பதினான்கு முகங்களைப் பார்த்து, பதினைந்து பெயர்களுக்கும் கைபேசி வருகைப்பதிவில் பச்சை தட்டுவாள் ஜெரினா. பன்னிரண்டாம் வகுப்பு கம்ப்யூட்டர் பிரிவில் பதினைந்து பேருக்குக் குறைந்தால் மூடிவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் ஜூனிலேயே சொல்லிவிட்டார். மூடினால் பிள்ளைகள் நடுவருடத்தில் வேறு பிரிவுக்குப் போக வேண்டும். தற்காலிக ஆசிரியையான அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.

இன்று காலையும் "சிவந்தி" என்று கூப்பிட்டாள்.

"வந்துகீறா மிஸ். நம்ம கண்ணுக்குத்தான் தெரியல," என்றாள் ஜஸீமா. வகுப்பு சிரித்தது. ஜெரினாவும் சிரித்துக்கொண்டே தட்டினாள்.

பதினோரு மணிக்கு சிவந்தியின் அம்மா கன்னியம்மா லேப் வாசலில் வந்து நின்றாள்.

"பொண்ணு ஸ்டான்லி ஆஸ்பத்திரில கீது டீச்சர். ஒரு மாசமா எர்ணாவூர்ல பிளாஸ்டிக் கம்பெனிக்குப் போய்கினு இருந்தா. பதினாலாந் தேதி மிஷின் துப்பட்டாவ இழுத்துகிச்சு. இன்னும் கண்ணு தொறக்கல."

ஜெரினா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அவ ஸ்கூல் பொண்ணு, இங்க வேலையே செய்யலன்றானுங்க கம்பெனிக்காரனுங்க. ஸ்கூலுக்கு வரலேன்னு கம்ப்யூட்டர்ல இருக்கும், அந்தக் காயிதத்த வாங்கியான்னாங்க லேபர் ஆபீஸுல. அத வெச்சாத்தான் கேஸு நிக்குமாம்."

ஜெரினா பதிவேட்டைத் திறந்தாள். மாதம் முழுக்கப் பச்சை. பதினாலாம் தேதியும் பச்சை. அதன்பின் சிவந்தி நினைவில்லாமல் கிடந்த எட்டு நாளும் பச்சை. அந்த எட்டு நாளைப் பார்த்தாலே போதும், பதிவு பொய் என்று எவருக்கும் தெரிந்துவிடும். போட்டது யார் என்பதும்.

பிள்ளைகள் தட்டச்சை நிறுத்தியிருந்தார்கள்.

எந்தத் தேதி வரை அச்சிட வேண்டும் என்று திரை கேட்டது. ஜெரினா பதினான்கு என்று அடித்தாள்.

பிரின்டர் தாளைத் தள்ளியது. தாளில் பச்சை நிறம் இல்லை. வந்ததற்கான ஆங்கில 'P', நாளுக்கு ஒன்றாக, கறுப்பில்.

கன்னியம்மா அந்த வரிசையை விரலால் தடவிப் பார்த்தாள். "எல்லா நாளும் ஒரே மாரி கீதே. வரலேன்னுதான போட்டுக்கீது?"

"ஆபீஸ்ல படிச்சுக்குவாங்க," என்ற ஜெரினா முத்திரை குத்தினாள்.

கன்னியம்மா தாளை ஆஸ்பத்திரிச் சீட்டுகளோடு பைக்குள் வைத்தாள். "மவராசியா இரு டீச்சர்."

பிரின்டர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜஸீமா தாளைப் படித்திருந்தாள். ஜெரினாவை நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் செருப்பு மாட்டும் கன்னியம்மாவைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து தட்டத் தொடங்கினாள்.