பந்து போகிற வேகம்

என் புருஷன் ஒவீதியோ மேசைவிரிப்பின் மேல் ஐந்து வாழைக்காய் வில்லைகளை அரைவட்டமாக அடுக்கிவைத்தான். உப்புக் குப்பிதான் கூடை. "எல்லாரும் இப்படி வெளியே விரிஞ்சு நிப்பாங்க, மாமா. கூடைக்கு அடியில யாரும் கிடையாது. பந்து யார் கையிலயும் தங்காது. பாஸ் குடுத்தவன் நிக்காம உள்ள ஓடணும்..." என்று அவன் ஒரு வில்லையை விரலால் தள்ளிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அப்பா கையை நீட்டினார். நடுவில் இருந்ததை எடுத்து, பூண்டுச் சாற்றில் தோய்த்து, வாயில் போட்டுக்கொண்டார்.

"யாரு இது?" என்று மென்றுகொண்டே கேட்டார்.

"எலியுத்."

"அதானே பார்த்தேன். அவனை அங்க கொண்டுபோய் நிறுத்தினா எவன் வேணா தின்னுட்டுப் போயிடுவான், மாப்ளே."

அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. துவரை போட்ட சோற்றை ஒவீதியோவின் தட்டில் இன்னும் ஒரு கரண்டி வைத்து ஈடுகட்டப் பார்த்தாள். ஒவீதியோவும் சிரித்தான். ஆனால் மிச்சமிருந்த நான்கு வில்லைகளை அவன் சாப்பிடவில்லை. சாப்பாடு முடியும்வரை அவை அப்படியே, நடுவில் ஓர் இடைவெளியோடு, உப்புக் குப்பியைப் பார்த்தபடி நின்றன.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா வீட்டில் சாப்பாடு என்பது எங்கள் குடும்பத்தில் மாற்ற முடியாத விஷயம். மற்ற நாட்களில் இந்த இருவரும் சந்திப்பது உள்ளரங்கத்தில். அங்கே ஒவீதியோ எங்கள் ஊர் அணியின் கோச். அப்பா, ஹெனாரோ, வானொலி வர்ணனையாளர். போர்ட்டோ ரிக்கோவின் இந்தத் தெற்குக் கரையில் ரியோ சலாதோ ஒரு சின்ன ஊர்தான். பழைய உப்பளங்கள், மூன்று பேக்கரி, ஒரு தேவாலயம், உப்பளக்காரர்கள் என்று பெயர் வைத்த ஒரு கூடைப்பந்து அணி. ஆட்டத்தன்று தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு வானொலியைத் திறப்பார்கள். அரங்கத்துக்கே வந்து உட்கார்ந்தவர்களும் காதில் வானொலியோடுதான் இருப்பார்கள். கண்முன்னால் நடந்ததையும் அப்பா ஒரு தடவை சொன்னால்தான் அவர்களுக்கு நடந்த மாதிரி இருக்கும்.

வர்ணனை மேசை எங்கள் பெஞ்சுக்கு நேர் பின்னால். முன்பிருந்த கோச் ஒருவர் அதைத் தள்ளிப் போடச் சொன்னாராம். ஊர் கோச்சைத்தான் தள்ளிப் போட்டது. அதனால் இந்த சீசன் முழுக்க ஒவீதியோவின் முதுகுக்குப் பின்னால் அப்பாவின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. "பந்து அங்க போகுது, இங்க போகுது, திரும்ப அங்கயே போகுது. எதுக்குன்னு கோச் அவர்களுக்கு மட்டும்தான் வெளிச்சம்." மாப்பிள்ளை என்று வானொலியில் அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. பெயரும் சொல்வதில்லை. கோச் அவர்கள். அந்த மரியாதையில் இருக்கும் குத்தல் ஊருக்கே புரியும்.

அணி ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகம். எலியுத் பந்தை வைத்துக்கொண்டு ஆடினால் மற்ற நாலு பேரும் ஒதுங்கி வழிவிடுவது எங்கள் ஊர் பழகிய ஆட்டம். அவனையும் ஐந்தில் ஒருவனாக ஆக்கியதை யாராலும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நான் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்கு வந்து, ரத்த அழுத்த மாத்திரையை வாங்கிக்கொண்டு, "இதுல பாதி உன் புருஷனால வந்தது, நெரெய்தா. பில்லை அவர்கிட்ட குடுத்துடு" என்றார் பழைய தபால்காரர்.

அந்தத் திங்கட்கிழமை அணியின் உரிமையாளர் தோன்யா மில்தாவே கடைக்கு வந்தார். மூன்று பேக்கரியும் அவருடையவை. மூன்றிலும் வானொலி உண்டு. "உன் புருஷன் நல்ல பையன். எனக்குப் பிடிக்கும்" என்று ஆரம்பித்தார். "ஆனா ரொட்டி வாங்க வர்றவங்க எல்லாம் என்கிட்ட சண்டை போடுறாங்கம்மா. வெள்ளிக்கிழமை மலையூர்க்காரனோட ஆட்டம். அதுல தோத்தா நான் வேற ஆளைத்தான் பார்க்கணும். அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

என்னிடம் அவன் சொல்லவில்லை. ஒன்பது வருஷம் அர்ஜென்டினாவில் இருந்தோம். அவன் உதவி கோச்சாக ஊர் ஊராகச் சுற்ற, நானும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கூடவே போனேன். குளிரில் உதடு வெடித்து, போனில் அம்மாவின் குரலைக் கேட்டு அழுது, கடைசியில் நான் பிறந்த ஊரிலேயே அவனுக்கு வேலை கிடைத்துத் திரும்பி வந்திருந்தோம். வெள்ளிக்கிழமை தோற்றால் மறுபடியும் பெட்டி. அதற்குக் காரணம் என் அப்பாவின் குரலாக இருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்வது?

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தில்தான் அது நடந்தது. பந்து சுற்றிச் சுற்றிப் போய், இடது மூலையிலிருந்து எங்கள் ஹசிந்தோ போட்ட ஷாட் கூடையில் விழுந்தது. அப்பா, "எலியுத்! எலியுத்தான் போட்டான்!" என்று கத்தினார். எலியுத் அப்போது எதிர்ப்பக்கம் நின்று கை தட்டிக்கொண்டிருந்தான். காதில் வானொலியோடு இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரிய சிரிப்பு இல்லை. அரங்கத்தின் ஒரு பக்கம் லேசாகக் குலுங்கி அடங்கியது, அவ்வளவுதான். அப்பா தண்ணீர் குடித்தார். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் ஆட்டத்தைச் சொன்னதைவிட அதைக் குறை சொன்னதுதான் அதிகம். பந்து வேகமாகப் போகும்போதெல்லாம் கோச்சைத் திட்ட ஆரம்பித்தார். பந்து நின்றதும் ஆட்டத்துக்குத் திரும்பினார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எலியுத் பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பான், எதிராளியை மேலும் கீழும் பார்ப்பான், கையைக் கால்சட்டையில் துடைப்பான். அப்பா அதற்குள் அவன் தாத்தா மீன் விற்ற கதையையே சொல்லி முடித்துவிடுவார். அந்த நீண்ட வாக்கியங்களைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். ஒவீதியோவின் ஆட்டத்தில் அவர் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் பந்து நாலு கை மாறிவிடுகிறது.

மறுநாள் காலை அப்பா தொண்டை மிட்டாய் வாங்கக் கடைக்கு வந்தார்.

"அப்பா, உங்களுக்கு அந்த ஆட்டம் பிடிக்காம இல்ல" என்றேன். "உங்களால அதைப் பிடிக்க முடியல."

"எனக்குக் கண்ணு நல்லாத்தான்டி இருக்கு."

"கண்ணைச் சொல்லல. வாயைச் சொல்றேன்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. இப்படிச் சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. ஆனால் நிறுத்த முடியவில்லை. "தப்புன்னு தெரிஞ்சா திட்டுங்க, அது உங்க உரிமை. சொல்ல வரலைங்கிறதுக்காகத் திட்டாதீங்க. உங்க பேச்சைக் கேட்டுத்தான் இந்த ஊரு முடிவு பண்ணுது. வெள்ளிக்கிழமை தோத்தா நாங்க கிளம்ப வேண்டியதுதான். தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. மிட்டாயை எடுக்காமலே போய்விட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் ஒவீதியோவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அரங்கத்துக்குப் போனேன். பயிற்சி நடந்துகொண்டிருந்தது. காலியான இருக்கைகளின் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்தத் தொப்பியை வாங்கிக் கொடுத்ததே நான்தான். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஒவீதியோ மேலே பார்க்கவேயில்லை. விசிலை ஊதி, "மறுபடியும். பாதி வேகத்துல" என்றான்.

"கோச், இப்பத்தானே பண்ணினோம்?" என்றான் ஹசிந்தோ.

"இன்னும் மெதுவா. பாஸ் குடுக்கும்போது குடுக்குறவன் யாருக்குக் குடுக்குறானோ அவன் பேரைச் சத்தமாச் சொல்லணும்."

"நாங்க என்ன நர்சரிப் பிள்ளைங்களா?" என்று எலியுத் முணுமுணுத்தான். ஆனாலும் சொன்னார்கள். காலி அரங்கத்தில் பெயர்கள் எதிரொலித்தன. ஹசிந்தோ. ராமிரோ. எலியுத். தாமசோ. கொடுத்தவன் உள்ளே ஓடினான், அவன் விட்ட இடத்துக்கு அடுத்தவன் வந்தான். மறுபடி. மறுபடி. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் கூட்டினான் ஒவீதியோ. மேலே அந்த உதடுகளும் வேகம் கூட்டின. நான் சாப்பாட்டுப் பாத்திரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். ஊர் முழுக்க ஏசுகிறதே, அந்த மனிதன் என் புருஷன் என்று எல்லாரிடமும் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"பாதி வேகத்துல ஓட விட்டியே, யாருக்காக?" என்று பிறகு கேட்டேன்.

"பசங்களுக்கு முட்டி வலி" என்றான் சோற்றைப் பிசைந்துகொண்டே.

அப்பாவை வாசலில் பிடித்தேன். "உள்ள ஏசி நல்லா இருக்குன்னு வந்தேன்" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "எனக்கு இன்னும் பிடிக்கலைடி. எலியுத் மாதிரி ஒருத்தனை வச்சுக்கிட்டு இது என்ன கூத்து? ஆனா..." கையை விரித்தார். "யார் எங்க ஓடுறான்னு இப்பத் தெரியுது."

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே அரங்கம் நிரம்பிவிட்டது. பெஞ்சுக்குப் பின்னால், அப்பாவின் மேசைக்குப் பக்கத்து வரிசையில் எனக்கு இடம். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே அவர் குரலில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. வாக்கியங்களைக் காணோம். வினைச்சொல்லே இல்லை. வெறும் பெயர்கள். "ராமிரோ, ஹசிந்தோ, எலியுத், தாமசோ, ஹசிந்தோ, உள்ள, உள்ள, ராமிரோ!" பந்து கைக்கு வருகிற அதே நொடியில் பெயரும் வந்தது. சில தடவை தடுக்கினார், விட்டதை விட்டுவிட்டு அடுத்த பெயரைப் பிடித்தார். எனக்கு முன் வரிசையில் பழைய தபால்காரர் வானொலியைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் அவர் பக்கம் சாய்ந்தார்கள். ஒரு கட்டத்தில் அந்த வரிசையே பெயர்களை அப்பாவோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தது.

மலையூர்க்காரர்கள் சும்மா இல்லை. கடைசியில் அவர்கள் ஒரு பாயிண்ட் முன்னால் இருந்தார்கள். பந்து எங்களுடையது. நேரம் இன்னும் ஒரே ஒரு முயற்சிக்குத்தான் மிச்சம். ஒவீதியோ டைம் அவுட் கேட்டான். "எலியுத்துக்குக் குடு!" என்று அரங்கம் மொத்தமும் எழுந்து கத்தியது. மேல் இருக்கையில் தோன்யா மில்தாவும் எழுந்து நின்றிருந்தார். எலியுத் ஒவீதியோவின் முகத்தையே பார்த்தான். ஒவீதியோ அவன் தோளில் கை வைத்து, "எப்பவும் போல. எதிரே ஆள் இல்லாதவன் போடுவான்" என்றான்.

பின்னால் அப்பா அதைக் கேட்டார். மைக்கை வாய்க்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

"இந்த மாதிரி நேரத்துல பந்தை எலியுத்கிட்ட குடுங்கன்னுதான் நான் எப்பவும் சொல்லுவேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன், ஊரே சொல்லுது. இவர் கேக்க மாட்டார்." ஒரு மூச்சு விட்டார். "யார் சொன்னாலும் கேக்காத ஆளைத்தான் எங்க வீட்டுல மாப்பிள்ளையா எடுத்திருக்கோம். நான் என்ன பண்ணட்டும்? என் மாப்பிள்ளை ஒவீதியோ பந்தைச் சுத்தி விடப் போறார். கேளுங்க."

ஒவீதியோவின் முதுகு ஒரு கணம் அசையாமல் நின்றது. திரும்பவில்லை. காதுமடல்கள் மட்டும் சிவந்தன.

பந்து உள்ளே வந்தது. "ராமிரோ. தாமசோ. ஹசிந்தோ. எலியுத்." எலியுத்தின் மேல் இரண்டு பேர் பாய்ந்தார்கள். அவன் குதித்தான், போடப் போகிறான் என்று எல்லாரும் மூச்சைப் பிடித்தோம். காற்றிலேயே கையைத் திருப்பிப் பந்தை மூலைக்கு அனுப்பினான். "ஹசிந்தோ," என்றார் அப்பா. ஹசிந்தோவைச் சுற்றி யாருமே இல்லை. அவன் முட்டியை மடக்கி நிமிர்ந்தான், பந்து அவன் விரல்களை விட்டது.

வானொலி நின்றுவிட்டது. கெட்டுப்போனதோ என்று தபால்காரர் மடியிலிருந்ததைத் தட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். அப்பா எழுந்து நின்றிருந்தார். காதுமாட்டி கழுத்துக்கு நழுவியிருந்தது, ஒரு கை மைக்கை மறந்து மேலே போயிருந்தது, வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. தன் பின்னால் குரல் இல்லாமல் போனதைக் கேட்டு ஒவீதியோ திரும்பினான். பந்து விளக்குகளுக்கு அடியில் உச்சியைத் தொட்டு இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.