எதிர்மலையின் பதில்

காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் பிடுங்கி அவளுக்கு விரல்களே மரத்துப்போயிருந்தன. முன்னால் கணவன் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தான். எந்தப் புத்தகத்திலும் இல்லாத, ஆள் உயர வாலில்லாக் குரங்கு ஒன்று இந்த மழைக்காட்டில் இருக்கிறது என்று அடித்துச் சொல்பவன். கல்யாணமான புதிதில் அவளும் நம்பினாள். ஒலிப்பதிவுதான் அவள் தொழில். முதல் பயணத்தில் மர உச்சியிலிருந்து வந்த நீண்ட ஊளையைப் பதிவு செய்தவளே அவள்தான். அதன்பிறகு வருடாவருடம் மழை விட்டதும் வருவார்கள், அதே ஊளையை ஸ்பீக்கரில் போடுவார்கள், காத்திருப்பார்கள். காடு கண்டுகொள்ளாது.

இந்த முறை பதில் வந்தது. எதிர்மலையிலிருந்து, அச்சு அசலாக அதே ஊளை. கணவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. இடுப்பளவு ஓடையில் இறங்கிக் கரையேறி, பொழுது சாயும் நேரத்தில் சத்தம் வந்த இடத்தை அடைந்தார்கள்.

அங்கே ஒரு தார்ப்பாய்க் கூடாரம். மரத்தில் கட்டிய ஸ்பீக்கர். அதன் கீழே தாடிக்காரர் ஒருவர் காலுறையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“நீங்களும் குரங்கைத் தேடித்தானா?” என்றார்.

கணவன் மரத்திலிருந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள்தான் கேட்டாள். “இந்தச் சத்தம் உங்களுக்கு எப்படிக் கிடைச்சது, சார்?”

“போன வருஷம் இங்கேயே எடுத்தது. அந்த மலையிலிருந்து வந்துச்சு. அதை நம்பித்தான் வேலையை விட்டேன்.”

“ஒரு தடவை போடுங்க.”

கண்ணை மூடிக் கேட்டாள். “முடியும்போது கரகரன்னு ஒரு பிசிறு வருதில்ல? அது எங்க ஸ்பீக்கர் கிழிசல், சார். நீங்க எங்களைத்தான் பிடிச்சு வச்சிருக்கீங்க.”

தாடிக்காரர் காலுறையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கோ அப்பாடா என்றிருந்தது. எல்லாம் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம். அப்படி நினைத்ததற்கு வெட்கப்படக்கூட உடம்பில் தெம்பில்லை.

“உங்க பதிவு எப்ப எடுத்தது?” என்றார் அவர்.

“எங்களுக்குக் கல்யாணமான வருஷம். ரொம்ப வருஷமாச்சு” என்று கணவன் தலை நிமிர்ந்தான். “அப்ப நீங்க இங்க வந்திருந்தீங்களா?”

“இல்லையே. அப்ப இந்தக் காடு இருக்குன்னே எனக்குத் தெரியாது.”

அப்படியானால் அந்த முதல் ஊளை இவருடைய ஸ்பீக்கரிலிருந்து வந்ததல்ல. கணவனின் முகம் மெல்ல மலர்ந்தது. அந்த மலர்ச்சிக்குத்தான் இத்தனை வருடம் அவள் மூட்டை சுமந்திருக்கிறாள்.

“நாளைக்கு நான் இறங்கறேன்” என்றாள்.

“கோபமா?”

“கோபப்படத் தெம்பு வேணுமே. அலுத்துப்போச்சுங்க. இங்கதான் அண்ணன் இருக்காரே, ரெண்டு பேருமா தேடுங்க.”

“நீ இல்லாம பதிவு யாரு பண்றது?”

“பதிவெல்லாம் அப்புறம். முதல்ல சும்மா கேளுங்க. நாமளே மாத்தி மாத்திக் கத்திக்கிட்டிருந்தா, அது எப்படி வாயைத் திறக்கும்?”

தாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவனும் வேறு வழியில்லாமல் சிரித்தான்.

விடிந்ததும் இரண்டு ஸ்பீக்கர்களின் வயர்களையும் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்டாள். கணவன் ஓடைவரை வந்தான். கையைப் பிடித்து அக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

அடிவாரத்தில் பஸ் காத்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்ததுமே கண் செருகியது. கண்டக்டர் தட்டி எழுப்பி, எங்கே போகணும் என்றபோது, “வீட்டுக்கு” என்றாள். அதன்பிறகுதான் ஊர்ப் பெயரைச் சொன்னாள்.