வளைவுக்குக் கீழே ஒரு நிழல்

என் கணவர் எடுத்த புகைப்படத்துக்குப் பரிசு கிடைத்ததில் எனக்கு வயிற்றெரிச்சல் என்று நாத்தனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும். எரிச்சல்தான், இல்லையென்று யார் சொன்னது?

அந்தப் படம் எடுத்த இடம் கூரை போன பழைய தேவாலயம். சுற்றிலும் கிழட்டு மரங்கள். ஒன்று சுவருக்குள்ளேயே வேரை விட்டு நிற்கிறது. இவருக்கு அங்கே மூடுபனியோடு ஒரு படம் வேண்டும். பதினோரு விடியற்காலை போனோம். பனி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் நாள், நான்தான் பழைய பெயிண்ட் டப்பாவில் ஈர இலைகளைத் திணித்துக் கொளுத்திச் சுவருக்குப் பின்னால் வைத்தேன். புகை மரங்களுக்கிடையே பரவ, அதனூடே வெயில் சாய்வாக இறங்கியது. மனிதர் துள்ளிக் குதித்தார்.

"ஓடிப்போய் அந்த வாசல் வளைவுக்குக் கீழ நில்லு. ஃபோகஸ் பாக்கணும்."

எப்போதும் நான்தான் நிற்பேன். வெளிச்சம், தூரம் எல்லாம் என்னை வைத்துத்தான் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டரில் என்னை அழித்துவிடுவார். இருபது வருடத்தில் ஒரு படத்திலும் நான் கிடையாது.

"ஏங்க, இந்த ஒண்ணுல மட்டும் என்னை விட்டுடுங்களேன்," என்றேன், இருமிக்கொண்டே.

"சரி, சரி. உன் புகைதானே. சத்தியமா விடறேன். ஆடாம நில்லு."

அந்தச் சத்தியத்தை நம்பி, கண்காட்சிக்குத் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு போனேன், வெட்கங்கெட்டவள்.

சுவர் முழுக்க அந்தப் படம். வளைவு, மரங்கள், என் புகை. நான் இல்லை. ஆனால் அவசரத்தில் மனிதர் ஒன்றை மறந்திருந்தார். தரையில் என் நிழல் அப்படியே கிடந்தது, இடுப்பில் கை வைத்தபடி.

இவர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்: "பன்னெண்டு நாள் தன்னந்தனியா காத்திருந்தேன். கடைசியில பனி தானா வந்துச்சு."

நடுவர் ஒருவர் படத்தருகே குனிந்தார். "தனியான்னு சொல்றீங்க. அப்ப இது யாரோட நிழல்?"

இவர் என்னைப் பார்த்தார். மூன்றடி தூரத்தில்தான் நின்றேன். ஒரு வார்த்தை போதும்.

"மரத்தோட நிழல் சார்," என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், வேறென்ன செய்ய?

நேற்றுக் காலை கேமரா பையோடு வாசலில் நின்றார். ஆற்றங்கரையில் இன்னொரு பாழடைந்த தேவாலயமாம்.

"சீக்கிரம் கிளம்பு. அந்த டப்பாவையும் எடுத்துக்கோ."

டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

"நீ வரலையா? அப்ப அங்க யாரு நிப்பா?"

"அந்த மரத்தைக் கூட்டிட்டுப் போங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.